சிலவே போதும் என்ற செம்மல்

நிறமாலைப் பாடத்தில் ரிட்ஸ் இணைப்பு விதியை மனப்பாடம் செய்து தேர்வெழுதுகிறோம். ஆனால் அந்த ரிட்ஸ் யாரென்று அறிந்தோர் நம்மில் சிலரே.

வால்ட்டர் ரிட்ஸ் 1878ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சியோன் நகரில் பிறந்தார். தந்தையார் ராபேல் ரிட்ஸ் ஓர் ஓவியர். சூரிச் நகருக்குப் பொறியியல் பயிலச் சென்ற ரிட்ஸ், உள்ளம் இயற்பியலில் ஒன்றியதால் அத்துறைக்கு மாறினார். பின்னர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நிறமாலைக் கோடுகளை ஆராய்ந்து 1902இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டு, சில ஆண்டுகள் ஆய்வினின்றும் விலக்கி வைத்தது.

உலோகத் தகட்டின்மீது மணல் தூவி விளிம்பை வில்லால் உரசினால் மணல் கோலமாய்ச் சேரும். சிலாட்னி 1787இல் வெளியிட்ட இந்தக் கோலங்களைச் சதுரத் தகட்டுக்குக் கணக்கிட்டுக் காட்டுவது நூறாண்டுகளுக்கு மேலாக அரிதாகவே இருந்தது. ரிட்ஸ் முழுமையான விடையைத் தேடி அலையவில்லை. அதிரும் சட்டத்தின் எளிய சார்புகள் சிலவற்றைத் தேர்ந்தார்; ஆற்றல் மிகக் குறைவாக அமையும் வண்ணம் அவற்றைத் தக்க அளவில் கலந்தார். தேர்வு பொருத்தமாக இருந்தமையால் சில உறுப்புகளே போதுமாயின! இம்முறையில் எழுதிய கட்டுரைக்குப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் 1907ஆம் ஆண்டுப் போட்டியில் பரிசு கிட்டவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை, 1908, 1909ஆம் ஆண்டுகளில் தம் முறையை வெளியிட்டார். 1909 ஜூலை 7ஆம் நாள், 31ஆம் வயதில் மறைந்தார்.

குவாண்டம் இயக்கவியல் தோன்றியது 1925இல். அதனை அவர் காணவில்லை. அவர் முறையோ அங்கும் நுழைந்தது. 1929இல் நார்வே அறிஞர் ஹில்லராஸ், இரு எலக்ட்ரான்களின் இடைத்தொலைவையும் சார்பில் சேர்த்து, சில உறுப்புகளிலேயே ஹீலியத்தின் ஆற்றலைச் சோதனை முடிவுக்கு மிக நெருக்கமாகக் கண்டார்.

அணுக்கருக் கணக்குகளிலும் இதே கதைதான். அங்குப் பெரிதும் வழங்குவன தனிச்சீரிசை அலையியற்றியின் சார்புகள். அவை தொலைவில் விரைந்து தேய்பவை. தளர்வாகப் பிணைந்த துகளின் அலைச்சார்போ மெல்லத் தேய்வது. இப்பொருத்தமின்மையை ஈடுகட்ட மேன்மேலும் சார்புகளைக் கூட்டவேண்டும்; துகள்கள் பெருகப் பெருக அணிகளின் அளவு கோடிகளைத் தாண்டும்; கணிப்பொறியும் திணறும். எனவே எந்தச் சார்புகளைத் தேர்வது என்ற வினா இன்றும் ஆய்வாளர் முன் நிற்கிறது.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த என் போன்றோர்க்குக் கைப்பொருளும் குறைவு, காலமும் குறைவு. அவ்விரண்டினும் குறைந்த ஆயுளைப் பெற்றவர் ரிட்ஸ். எத்தனை எடுத்தோம் என்பதன்று, எதை எடுத்தோம் என்பதே கணக்கு என அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.