ஹாரி ரிக்கார்டோ

சர் ஹாரி ரால்ஃப் ரிக்கார்டோ (ஜனவரி 26, 1885 - மே 18, 1974) ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர். உள் எரி பொறி ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவர். ஒரு பொறி எவ்வளவு திறன் தர முடியும் என்பதை அப்பொறியின் அமைப்பு மட்டுமன்றி அதில் ஊற்றப்படும் எரிபொருளும் தீர்மானிக்கிறது என்பதை அளந்து நிறுவியவர் இவர். தெருவில் ஓடும் வண்டிக்கு ஓர் அமைப்பும் பந்தயத்தில் ஓடும் வண்டிக்கு வேறோர் அமைப்பும் ஏன் தேவைப்படுகின்றன என்ற கேள்விக்கு இவருடைய ஆய்வுகள் அறிவியல் அடிப்படையிலான விடையைத் தந்தன. எரிபொருளின் தரத்தைக் குறிக்க இன்று வழங்கும் ஆக்டேன் எண்ணுக்கு முன்னோடியான அளவீட்டு முறைகளையும் இவர் வகுத்தார்.

பிறப்பும் குடும்பமும்

ரிக்கார்டோ இலண்டன் நகரில் பிறந்தார். தந்தை ஹால்சி ரிக்கார்டோ புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். கொல்கத்தாவை அடுத்த ஹவுரா தொடருந்து நிலையத்தின் இன்றைய கட்டடம் இவர் வடிவமைத்ததாகும். தாயின் தந்தை சர் அலெக்சாண்டர் மெடோஸ் ரெண்டல், இந்தியத் தொடருந்துப் பாதைகளுக்கு ஆலோசகராக விளங்கிய பொறியியலாளர். பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோவும் இக்குடும்ப மரபைச் சேர்ந்தவரே.

கல்வி

ரக்பி பள்ளியில் பயின்ற ரிக்கார்டோ, 1903ல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். மறு ஆண்டில் பல்கலைக்கழகத் தானுந்துக் கழகம் ஒரு போட்டி நடத்தியது. ஒரு குவார்ட் (ஏறத்தாழ 1.14 லிட்டர்) பெட்ரோலில் அதிகத் தொலைவு செல்லும் வண்டியே வெல்லும் என்பது விதி. தாமே வடிவமைத்த ஒற்றை உருளைப் பொறி பூட்டிய மோட்டார் சைக்கிளுடன் போட்டியிட்ட ரிக்கார்டோ, சுமார் 64 கிலோமீட்டர் ஓட்டி வென்றார். இவ்வெற்றி பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சனின் கவனத்தை ஈர்த்தது. அவரது வழிகாட்டலில் ரிக்கார்டோ பொறிகளின் செயல்திறன் குறித்த ஆய்வில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் பொறிகளை வருத்திய பெரும் சிக்கல், இன்றும் மெக்கானிக்குகள் நாக்கிங் என்றழைக்கும் தட்டொலி. உருளைக்குள் ஸ்பார்க் பிளக் பொறியிட்டவுடன் தீச்சுவாலை ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கிச் சீராகப் பரவ வேண்டும். சுவாலை வந்து சேருமுன்னரே, மறுமுனையில் எஞ்சியுள்ள கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்து எரிந்தால் அழுத்த அலை எழும். அதுவே உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலியாகக் கேட்கிறது. இது நீடித்தால் பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும். பொறியிடும் முன்பே, சூடேறிய ஏதேனும் ஒரு பகுதியால் கலவை பற்றிக்கொள்வது முன்-எரிதல் எனப்படும். இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள் என்ற தெளிவு, பின்னாளைய ஆய்வுகளுக்கு ரிக்கார்டோவுக்கு அடித்தளமாக அமைந்தது.

முதல் உலகப் போர்

படிப்புக்குப் பின் பாட்டனாரின் நிறுவனத்தில் பணியாற்றிய ரிக்கார்டோ, 1915ல் சொந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் பிரித்தானியப் படை போர்க்களத்தில் முதன்முறையாக டாங்கிகளை இறக்கியது. அவற்றின் பொறிகள் கக்கிய நீலப் புகை, டாங்கி மறைந்திருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்தது. புகையற்ற, ஆற்றல் மிக்க பொறி ஒன்றை வடிவமைக்கும் பணி ரிக்கார்டோவிடம் வந்தது.

இங்கு எரிபொருளே முதல் தடையாக இருந்தது. உயர்தரப் பெட்ரோல் விமானங்களுக்கு ஒதுக்கப்பட்டதால், டாங்கிகளுக்குக் கிடைத்தது எளிதில் தட்டொலி எழுப்பும் தாழ்ந்த தரம். எனவே ரிக்கார்டோ அமுக்க விகிதத்தைக் குறைவாக வைத்து, அந்தப் பெட்ரோலிலேயே நம்பகமாக ஓடும் 150 குதிரைத்திறன் பொறியை உருவாக்கினார். மசகு எண்ணெய் எரிந்து புகையாவதைத் தடுக்கச் சிறப்பான பிஸ்டன் அமைப்பையும் அமைத்தார். 1918ல் களமிறங்கிய மார்க் 5 டாங்கிகளில் இப்பொறி பொருத்தப்பட்டது.

போர்னியோ பெட்ரோல்

போரின்போது வானூர்திப் பொறிகளுக்கு ஏற்ற எரிபொருளைத் தேடிய ரிக்கார்டோ, ஷெல் நிறுவனம் அளித்த பல பெட்ரோல் மாதிரிகளைத் தம் சோதனைப் பொறியில் ஓட்டிப் பார்த்தார். அவற்றுள் போர்னியோவிலிருந்து வந்த மாதிரி மற்றெல்லாவற்றையும் விட மிக அதிக அமுக்கத்தைத் தட்டொலியின்றித் தாங்கியது. ஆனால் அந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வராமல், எண்ணெய் வயலிலேயே வீணாக எரிக்கப்பட்டு வந்தது. அக்காலத்தில் பெட்ரோலின் தரம் அதன் அடர்த்தியைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. இலேசான பெட்ரோல் நல்லது, கனமானது மட்டம் என்பதே வழக்கு. போர்னியோ பெட்ரோலில் பென்சீன், டொலுயீன் முதலிய அரோமாட்டிக் சேர்மங்கள் மிகுந்திருந்ததால் அதன் அடர்த்தி விதிமுறையை மீறியது. தட்டொலியை எதிர்த்து நிற்கும் பண்பையும் அதே சேர்மங்களே தந்தன. அடர்த்தி தரத்தின் அளவுகோல் ஆகாது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

மாறும் அமுக்க விகிதப் பொறி

போருக்குப் பின் ஷெல் குழுமத்தின் ஆதரவுடன் எரிபொருள் ஆய்வு விரிவடைந்தது. ரிக்கார்டோ தம் ஆய்வகத்தைத் தென் இங்கிலாந்தின் ஷோர்ஹாம் கடற்கரை ஊரில் அமைத்தார். ஹென்றி டிசார்டு, டேவிட் பை ஆகிய அறிவியலாளர்கள் அவருடன் இணைந்தனர்.

இவ்வாய்வுக்கென ரிக்கார்டோ வடிவமைத்த கருவி ஈ35 எனப்படும் ஒற்றை உருளைப் பொறி. பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே உருளையை உயர்த்தியோ தாழ்த்தியோ அமுக்க விகிதத்தை மாற்ற முடியும் என்பது இதன் சிறப்பு. ஓர் எரிபொருளை ஊற்றி, தட்டொலி கேட்கும் வரை விகிதத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினால், அந்த எரிபொருளுக்குரிய எல்லை தெரிந்துவிடும். இவ்வெல்லையை ரிக்கார்டோ உயர்ந்தபட்சப் பயனுறு அமுக்க விகிதம் என வரையறுத்தார். எரிபொருள்களை டொலுயீன் கலவைகளுடன் ஒப்பிட்டுத் தர எண் வழங்கும் முறையையும் கையாண்டார். 1920களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான ஆக்டேன் எண், ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்றும் ஹெப்டேனுக்கு 0 என்றும் கொண்டு இதே ஒப்பீட்டு முறையைப் பின்பற்றியது.

ஆய்வின் முக்கிய முடிவு பலரும் எதிர்பாராதது. பெட்ரோல் வகைகள் தம்முள் கொண்டுள்ள ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை; எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதில்தான் வேறுபாடு உள்ளது. கோட்பாட்டளவில் அமுக்க விகிதம் 4 ஆக இருக்கும் பொறியின் வெப்பப் பயனுறுதிறன் ஏறத்தாழ 43 விழுக்காடு. விகிதம் 6 ஆனால் அது 51 விழுக்காடாக உயரும். ஆகவே சாதாரண அமுக்கம் உள்ள பொறியில் உயர்தர எரிபொருளை ஊற்றுவதால் மட்டும் பெரும் பயன் கிட்டாது. அந்த எரிபொருள் தாங்கும் அளவுக்குப் பொறியை மாற்றியமைத்தால்தான் பயன் உண்டு.

தெருவும் பந்தயமும்

ரிக்கார்டோவின் கண்டறிவுகள் பந்தயக் களத்தில் விரைவிலேயே சோதிக்கப்பட்டன. டிரையம்ப் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த, நான்கு வால்வு கொண்ட 500 சிசி மோட்டார் சைக்கிளை அவருடைய உதவியாளர் ஃபிராங்க் ஹால்ஃபோர்டு 1921ல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் ஓட்டி, ஒரு மணி நேரத்தில் சுமார் 123 கிலோமீட்டர் கடந்து சாதனை படைத்தார். இவ்வண்டி 1922ஆம் ஆண்டு மேன் தீவுப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றது. பொதுமக்களுக்கும் விற்கப்பட்ட இதனை ஓட்டுநர்கள் ரிக்கி எனச் செல்லமாக அழைத்தனர். அதே ஆண்டு தானுந்துப் பந்தயத்துக்காக வாக்சால் நிறுவனத்தின் 3 லிட்டர் பொறியையும் ரிக்கார்டோ வடிவமைத்தார்.

பந்தயக்காரர்கள் ஆல்ககால் வகை எரிபொருள்களை நாடியதன் காரணத்தையும் இவ்வாய்வுகள் விளக்கின. ஆல்ககால் ஆவியாகும்போது மிகுந்த வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த கலவை அடர்ந்திருப்பதால் உருளைக்குள் அதிகம் நிறைகிறது. தட்டொலியும் எளிதில் எழுவதில்லை. ஆனால் ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கும் மெத்தனாலுக்கு சுமார் 6.4 பங்கும் போதும். எனவே மெத்தனாலில் ஓடும் பொறிக்கு இரு மடங்குக்கும் மேலாக எரிபொருள் செலுத்த வேண்டும்.

இதனால் ஒரே வண்டியைத் தெருவுக்கும் பந்தயத்துக்கும் பயன்படுத்த விரும்பியோர் ஒவ்வொரு முறையும் அதை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. உருளையின் அடியில் வைத்த தகடுகளை எடுத்து அமுக்கத்தை உயர்த்துவர். கார்புரேட்டரில் பெரிய துளையுள்ள ஜெட்டுகளைப் பொருத்துவர். பொறியிடும் நேரத்தையும் திருத்துவர். பந்தயம் முடிந்தபின் இவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் கடைப் பெட்ரோலை ஊற்றினால் பொறி சிதையும்.

ஈயம் கலந்த பெட்ரோல்

எரிபொருளின் எல்லையை உயர்த்த இன்னொரு வழியும் அதே காலத்தில் கண்டறியப்பட்டது. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்கிலி குழுவினர், டெட்ரா எத்தில் ஈயத்தைச் சிறிதளவு சேர்த்தாலே தட்டொலி அடங்குவதைக் கண்டனர். எரிபொருளின் வேதிக் கூறுகளை மாற்றுவதைக் காட்டிலும் இது மலிவானது. 1924ல் இச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் சிலர் ஈய நஞ்சால் இறந்தபோதிலும் உலகமெங்கும் இது பரவியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது பின்னர் உறுதியானது. இந்தியா முழுவதும் 2000ல் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. தானுந்துகளுக்கு அதைக் கடைசியாக விற்ற நாடு அல்சீரியா. அங்கு 2021ல் விற்பனை முடிவுற்றது. ஈயத்தை நீக்கிய பின் அதன் இடத்தை நிரப்பியவை பெரும்பாலும் அரோமாட்டிக் சேர்மங்களும் ஆல்ககால் முதலியனவுமே. தட்டொலியை எதிர்ப்பவை என ரிக்கார்டோ அளந்து காட்டிய அதே வகைகள் இவை.

பிற பணிகள்

மலிவான வண்டிகளின் பக்கவால்வுப் பொறிகளில் கலவை சுழன்று விரைவாக எரியும்படி ரிக்கார்டோ வடிவமைத்த உருளைத் தலைப்பு பெருமளவில் பயன்பட்டது. டீசல் பொறிகளுக்காக 1930களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய காமெட் சுழலறை, இலண்டன் பேருந்துகளிலும் சிட்ரோயன் தானுந்துகளிலும் இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது ஃபிராங்க் விட்டிலின் தாரைப் பொறி முயற்சிக்கும் அவரது நிறுவனம் உதவியது.

விருதுகளும் இறுதிக் காலமும்

ரிக்கார்டோ 1929ல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1944ல் அக்கழகத்தின் ரம்ஃபோர்டு பதக்கம் பெற்றார். 1948ல் சர் பட்டம் வழங்கப்பட்டது. உள் எரி பொறி குறித்து 1920களில் அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டு, பொறியியல் மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. 1968ல் தன்வரலாறு வெளியிட்டார். 1974 மே 18 அன்று தமது 89ஆம் அகவையில் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் ரிக்கார்டோ என்னும் பெயரில் அவர் காலத்துக்குப் பின்னும் தொடர்ந்தது.

தமிழ்நாட்டுச் சூழலில்

ரிக்கார்டோ கையால் செய்த மாற்றங்களை இன்று வண்டியிலுள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. தட்டொலி உணரி ஒன்று அதிர்வைக் கண்டறிந்ததும் பொறியிடும் நேரம் நொடிக்குள் திருத்தப்படுகிறது. தெரு எரிபொருளுக்கு ஒன்றும் பந்தய எரிபொருளுக்கு ஒன்றுமாக இரு அமைப்புகளைப் பதிந்து வைத்து மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடியும் உள்ளது; 1990 முதல் இயங்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தய ஓடுதளமும் உள்ளது. வாணியம்பாடியிலிருந்து சாதாரண பெட்ரோலில் புறப்படும் ஒரு மோட்டார் சைக்கிள், அவ்வோடுதளத்தில் உயர் ஆக்டேன் எரிபொருளில் ஓட வேண்டுமானால், எரிபொருளோடு அமைப்பும் மாறினால்தான் கூடுதல் வேகம் கிட்டும். ஊர் திரும்புமுன் தெரு அமைப்புக்கு மாற்ற மறந்தால் ஆபத்து பொறிக்கே.

இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025ல் எட்டப்பட்டது. எத்தனால் தட்டொலியை எதிர்க்கும். ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய அமுக்க விகிதத்திலேயே ஓடும் வண்டி இக்கலவையில் மைலேஜை இழக்கும். கலவைக்கேற்ப அமுக்கமும் பொறியிடும் நேரமும் உயர்த்தி வடிவமைக்கப்பட்ட வண்டி அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்கும். கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் தானாகத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இல்லாததால், ஜெட் அளவைக் கையால் மாற்றுவதே அவற்றுக்கு வழி.