கருத்தை மாற்றிக் கொண்ட ஜோன் லொக்

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜோன் லொக் என்றால் சமூக ஒப்பந்தம். உயிர், சுதந்திரம், சொத்து. பரீட்சைக்கு அது போதும். ஆனால் மதச் சுதந்திரத்துக்காக வாதாடிய இந்த மனிதர் இளமையில் அதை எதிர்த்து எழுதியவர் என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

1632இல் இங்கிலாந்தின் சொமசெட் பகுதியில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் தந்தை பாராளுமன்றத்தின் பக்கம் நின்று போரிட்டார். 1649இல் முதலாம் சார்ள்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டபோது, அவ்விடத்துக்குச் சற்றுத் தொலைவில் இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாடசாலையில் லொக் மாணவர். மதத்தின் பெயரால் நாடு எரிந்ததைப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் பயத்தில், 1660ஐ அடுத்த ஆண்டுகளில், வழிபாட்டு முறைகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஆட்சியாளருக்கு வேண்டும் என்று எழுதினார். அவர் உயிரோடிருந்தவரை அது அச்சேறவில்லை.

அவரை மாற்றியது புத்தகம் அல்ல, ஒரு பயணம் என்றே நினைக்கிறேன். 1665இன் இறுதியில் தூதுக்குழுவொன்றின் செயலாளராக ஜேர்மனியின் கிளீவ்ஸ் நகருக்குப் போனார். அங்கே கல்வினியர், லூதரன்கள், கத்தோலிக்கர் என எல்லோரும் அவரவர் வழியில் வணங்கினார்கள்; மற்றவரின் வழியில் குறுக்கிடவில்லை; சண்டையும் இல்லை. வேற்றுமையை அனுமதித்தால் நாடு குழம்பும் என்று எழுதியவர் அதைக் கண்ணால் கண்டார். 1667இல் அவர் எழுதிய கட்டுரை சகிப்புத்தன்மைக்கு ஆதரவாக இருந்தது.

அதற்குள் அவர் அஷ்லி பிரபுவின் வீட்டில் வைத்தியராகவும் ஆலோசகராகவும் சேர்ந்திருந்தார். 1668இல் பிரபுவின் ஈரல் கட்டிக்கு லொக்கின் மேற்பார்வையில் நடந்த சத்திரசிகிச்சை அவரது உயிரைக் காப்பாற்றியது. பின்னாளில் ஷாப்ட்ஸ்பரி பிரபுவான அவர் மன்னரை எதிர்த்து வீழ்ந்தார். லொக் 1683இல் ஒல்லாந்துக்குத் தப்பிப் போனார். அடுத்த ஆண்டு மன்னரின் கட்டளைப்படி ஒக்ஸ்போர்ட் கல்லூரி அவரை நீக்கியது.

அம்ஸ்டர்டாமில் பொய்ப் பெயரில் ஒளிந்திருந்த காலத்தில், 1685இல், பிரான்ஸின் பதினான்காம் லூயி புரட்டஸ்தாந்தியருக்கு இருந்த உரிமைகளை ஒரேயடியாக ரத்துச் செய்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் சகிப்புத்தன்மை பற்றிய புகழ்பெற்ற கடிதத்தை லத்தீன் மொழியில் எழுதினார். முஸ்லிமோ யூதரோ தமது மதத்தின் காரணமாகக் குடியுரிமைகளை இழக்கக் கூடாது என்கிறது அக்கடிதம். மக்கள் கிளர்ந்தெழுவது மதத்தால் அல்ல, ஒடுக்குமுறையால் என்றும் வாதிடுகிறது. ஒக்ஸ்போர்டில் அவர் மிகவும் மதித்த எட்வர்ட் பொகொக் ஓர் அரபு மொழிப் பேராசிரியர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. கொன்ஸ்தாந்திநோபிளின் முப்திக்குக் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படியும் முஸ்லிம், கிறிஸ்தவ ஆட்சியாளருக்கு விசுவாசமான பிரஜையாக இருக்க முடியாது என்கிறார். அந்த உதாரணத்தின் உண்மையான குறி பாப்பரசரைப் பின்பற்றும் கத்தோலிக்கர் என்று அறிஞர்கள் பலர் விளக்குவார்கள். இருந்தாலும், வெளிநாட்டு விசுவாசம் என்ற குற்றச்சாட்டைக் கேட்டுப் பழகிய எமக்கு அந்த வரிகள் சுடத்தான் செய்கின்றன. நாத்திகருக்கும் அவர் இடம் தரவில்லை. மனிதரின் இயற்கைச் சுதந்திரத்தை எழுதிய கை, அடிமை வியாபாரம் செய்த ரோயல் ஆபிரிக்கக் கம்பனியின் பங்குகளையும் வாங்கியது. இதை மறைத்துப் பாடம் நடத்துவது நேர்மையாகாது.

1689இல் நாடு திரும்பினார். கடிதமும், மக்களின் சம்மதமின்றி ஆட்சி இல்லை என்ற வாதத்தைக் கொண்ட அரசாங்கம் பற்றிய நூலும் அவ்வாண்டே வெளிவந்தன. இரண்டிலும் ஆசிரியர் பெயர் இல்லை. கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. 1683இல் அல்ஜெர்னன் சிட்னி என்பவருக்கு மரண தண்டனை விதித்த வழக்கில், அவரது வீட்டில் கிடைத்த அச்சேறாத கையெழுத்துப் பிரதியே சாட்சியாக நின்றது. நண்பர்கள் கேட்டபோதும் லொக் மழுப்பினார். 1704 ஒக்டோபரில் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, தனது மரண சாசனத்தில் சேர்த்த பின்னிணைப்பில்தான் அந்த நூல்கள் தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டார்.