திவான் மாதவராவும் மலையெல்லைச் சுங்கமும்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால் ஒரு காலத்தில் வேறு சர்க்கார் நடந்தது. கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் பொதிமாடுகள் மலையேறினால், எல்லையில் திருவிதாங்கூர்ச் சுங்கம் காத்திருக்கும். வியாபாரி தீர்வையைச் செலுத்திவிட்டு விலையிலே ஏற்றிக்கொள்வான். முடிவில் அதைச் சுமந்தவன் மலையிலே வாங்கித் தின்றவனும் வாங்கி உடுத்தவனுமே.

இத்தடையைத் தகர்த்தவர் ஸர் டி. மாதவராவ். 1828-இல் கும்பகோணத்தில் பிறந்து, சென்னையில் பவல் துரையிடம் கற்று, 1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியரானார், 1858-இல் திவானானார். ஸமஸ்தானத்தை விழுங்கிவிடுவதாக டல்ஹௌஸி பிரபு மிரட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கஜானாவோ வறண்டு கிடந்தது. அந்நிலையிலும் வரியைக் கூட்டாமல் குறைக்கத் துணிந்தது சாமான்யமான காரியமன்று. 1860-இல் மிளகு ஏகபோகத்தை ஒழித்து ஏற்றுமதித் தீர்வை விதித்தார். 1863-இல் புகையிலை ஏகபோகமும் போயிற்று. அதற்கு ஈடாக விதித்த இறக்குமதித் தீர்வையையும் படிப்படியாகத் தளர்த்தினார். தீர்வை தணியத் தணியக் கள்ளக்கடத்தலின் லாபமும் தணியுமென்பது அவர் கண்ட கணக்கு.

1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் மூன்றும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையால், புகையிலை, உப்பு போன்ற சில நீங்கலாக, பிரிட்டிஷ் இந்தியச் சரக்குகளுக்கு எல்லைத் தீர்வை நீங்கிற்று. பள்ளத்தாக்கு வியாபாரிக்கு வழி திறந்தது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். உப்பைப் பிரிட்டிஷ் விலைக்கே ஸமஸ்தானம் விற்க வேண்டியதாயிற்று. துறைமுகங்களிலும் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதங்களே ஏற்கப்பட்டன. ஆகவே 1882-இல் லங்காஷையர் ஆலைக்காரரின் நிர்ப்பந்தத்திற்கு இணங்கி இந்திய சர்க்கார் துணித் தீர்வையை எடுத்தபோது, தன் நெசவாளியைக் காக்கும் உரிமையைத் திருவிதாங்கூர் முன்பே கைவிட்டிருந்தது. தடையற்ற வர்த்தகத்தில் திவானுக்கிருந்த பற்று மெய்யானது; தீர்வையை நிர்ணயிக்கும் கை யாருடையது என்பதை அவர் போதிய அளவு கவனிக்கவில்லையென்றே நாம் கருதுகிறோம்.

1872-இல் அவர் பதவி விட்டார். பின்னர் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்தார். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸின் வரவேற்புக் கமிட்டிக்குத் தலைவராக நின்றதை நம்மவர் மறக்கலாகாது. 1891-இல் காலமானார்.

அவர் கை படாமல் நின்றது ஏலம். ஏலமலையில் பயிரிட்ட பள்ளத்தாக்குத் தமிழர், காயைச் சர்க்காரிடமே ஒப்படைத்து வந்தனர். அந்த ஏகபோகம் நிலவரியாக மாறியது, திவான் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1896-இல்தான்.