பொம்மை ரெயிலுக்கு மூன்று தண்டவாளம்!

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால், பல வீடுகளில் கூடத்திலேயே ரெயில் ஓடும்.

பொம்மை ரெயில்தான். அலங்கரித்த மரத்தைச் சுற்றித் தரையில் தண்டவாளம் போடுவார்கள். அதன் மேல் மின்சார ரெயில் வட்டம் அடிக்கும். பண்டிகை முடிந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவ முக்கிய காரணமாக இருந்தவர், ஜோசுவா லயனல் கோவன்.

இவர் 1877-ம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். ஐரோப்பாவில் இருந்து குடியேறிய யூதக் குடும்பம். வீட்டில் 9 பிள்ளைகள். கோவன் எட்டாவது பிள்ளை.

சிறு வயதில் மரத்தில் ரெயில் என்ஜின் செதுக்கி, அதற்குள் நீராவி யந்திரம் வைத்தாராம். அது வெடித்துவிட்டது என்று சொல்வார்கள்.

கல்லூரிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. மனமெல்லாம் மின்சாரத்தில் இருந்தது. 1899-ம் ஆண்டு, கடற்படையின் கண்ணிவெடிகளுக்குத் திரி செய்து கொடுக்கும் வேலை கிடைத்தது. அதில் கிடைத்த பணத்தை வைத்து, 1900-ம் ஆண்டு நண்பர் ஒருவருடன் கம்பெனி தொடங்கினார். தன் நடுப்பெயரையே கம்பெனிக்கும் வைத்தார். அதுதான் "லயனல்".

கடை ஜன்னலில் வண்டி

முதலில் அவர் பொம்மை செய்ய நினைக்கவில்லை. கடை ஜன்னலில் வைக்க ஒரு விளம்பரச் சாதனம்தான் செய்தார். மரத்தால் ஆன ஒரு திறந்த வண்டி. அடியில் சிறு மோட்டார். அது தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

ஜனங்கள் கடை முன் கூடினார்கள். ஆனால் கடையில் உள்ள சாமானை யாரும் கேட்கவில்லை. அந்த வண்டியைத்தான் விலைக்குக் கேட்டார்கள்! கடைக்காரர் மேலும் வண்டிகள் வேண்டும் என்று கோவனிடம் வந்தார்.

பொம்மைத் தொழில் பிறந்தது.

தண்டவாளத்தில் சங்கடம்

வண்டி நன்றாக ஓடியது. தண்டவாளம்தான் தொல்லை. இரும்புப் பட்டைகளை மரக்கட்டைகளின் பள்ளத்தில் ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். பண்டிகைக்குப் பண்டிகை போட்டுக் கழற்றுகிற வீட்டில் இது பெரிய வேலை அல்லவா?

1906-ம் ஆண்டு கோவன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். தகரத்தைக் குழாய்போல் வளைத்துத் தண்டவாளம் செய்தார். குறுக்குக் கட்டைகளும் உலோகம். எல்லாம் சேர்ந்த துண்டு துண்டுகளாகப் பெட்டியில் வந்தன. ஒரு துண்டின் முனையில் உள்ள ஊசியை அடுத்த துண்டின் குழாயில் செருகினால் போதும். சிறுவனே வட்டம் போட்டுவிடுவான்.

இன்னொரு புதுமை, நடுவில் மூன்றாவது தண்டவாளம்.

உண்மையான ரெயிலுக்கு இரண்டு தண்டவாளம்தானே, இது எதற்கு? நடுத் தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவரும். ஓரத்தில் உள்ள இரண்டும் அதைத் திருப்பி அனுப்பும். இரண்டே தண்டவாளம் இருந்து, ரெயில் திரும்பி வந்த பாதையிலேயே சேரும்படி வளைத்தால், இடது தண்டவாளம் வலதோடு இணைந்துவிடும். "ஷார்ட் சர்க்யூட்" ஆகும். மூன்று தண்டவாளத்தில் அந்தக் கவலை இல்லை. குழந்தை எப்படி வளைத்தாலும் ரெயில் ஓடும்.

பார்வைக்கு அசல்போல் இல்லை என்று சிலர் குறை கூறினார்கள். எதிர்க் கம்பெனி ஒன்று 1946-ம் ஆண்டில் இரண்டு தண்டவாள ரெயிலைக் கொண்டுவந்தது. கோவன் அசையவில்லை.

எலி காப்பாற்றியது!

1929-ம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் கடும் பணமுடை. விலை உயர்ந்த ரெயிலை வாங்க ஆள் இல்லை. 1934-ம் ஆண்டில் லயனல் கம்பெனி கோர்ட்டின் பொறுப்புக்குப் போனது.

அப்போது கோவன் மலிவான ஒரு பொம்மையை வெளியிட்டார். மிக்கி எலியும் மின்னி எலியும் தள்ளும் சிறு வண்டி. சாவி கொடுத்தால் ஓடும். 27 அங்குல வட்டத் தண்டவாளத்தோடு சேர்த்து விலை ஒரு டாலர்தான். இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த ஆண்டு வந்த புதிய ரெயில்களும் கை கொடுத்தன. அடுத்த ஆண்டே கம்பெனி கடனில் இருந்து மீண்டது.

இரண்டாம் உலகப்போரில், 1942-ம் ஆண்டு பொம்மை செய்வது நின்றது. தொழிற்சாலை கடற்படைக்குத் திசைகாட்டிகள் செய்தது. ஆனாலும் பண்டிகைக்குக் குழந்தைகள் ஏமாறக்கூடாதே! 1943-ம் ஆண்டு அட்டையால் ஆன ரெயிலை விற்றார்கள். தண்டவாளமும் அட்டைதான். அதைச் சேர்ப்பதற்குள் பெரியவர்களுக்கே வியர்த்துவிட்டது.

கடைசிக் காலம்

போருக்குப் பின் மீண்டும் நல்ல காலம். பிறகு டெலிவிஷனும் காரும் விமானமும் குழந்தைகளின் மனதைக் கவர்ந்தன. ரெயில் மோகம் குறைந்தது. 1959-ம் ஆண்டு கோவன் தன் பங்குகளை விற்று விலகினார். 1965-ம் ஆண்டு, தமது 88-வது வயதில் காலமானார்.

கம்பெனி பல கைகள் மாறிவிட்டது. இன்று தண்டவாளத்தின் அடியில் பிளாஸ்டிக் மேடை இருக்கிறது. கம்பளத்தின் நூல் சக்கரத்தில் சிக்காமல் அது தடுக்கிறது. துண்டுகள் "டக்" என்று பூட்டிக்கொள்கின்றன.

ஆனால், நடுவே அந்த மூன்றாவது தண்டவாளம் இன்னும் இருக்கிறது.