நாணயம் காத்தவர்

பொன்னையும் வெள்ளியையும் சோதித்து, நல்லது எது, போலி எது என்று பிரித்துச் சொல்பவரைச் சங்ககாலத் தமிழர் வண்ணக்கர் என்று அழைத்தனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற புலவர்களின் பெயர்களில் அத்தொழில் இன்றும் நினைக்கப்படுகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழித்து, அதே தொழிலை ஏற்கும்பொருட்டுத் தமிழர் ஒருவர் கப்பலேறி, அப்போதுதான் உருப்பெறத் தொடங்கியிருந்த ஒரு துறைமுகத்தில் வந்திறங்கினார். ஆண்டு 1819, மே மாத இறுதி. கப்பலின் பெயர் இந்தியானா. துறைமுகம் சிங்கப்பூர். அவர் நாராயண பிள்ளை.

அதே கப்பலில்தான் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸும் வந்தார். நான்கு மாதங்களுக்கு முன்னர், சனவரி 29 அன்று, அவர் முதன்முறையாக அத்தீவில் கால் வைத்திருந்தார். பிப்ரவரி 6 அன்று சுல்தான் உசேனுடனும் தெமெங்கோங் அப்துல் ரகுமானுடனும் உடன்படிக்கை செய்துகொண்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அங்கே ஒரு வாணிக நிலையத்தை அமைத்திருந்தார். அப்போது அத்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ ஆயிரம்தான். ஆற்றின் கழிமுகத்தில் மலாய் மக்களின் குடில்கள்; உள்ளே சதுப்பும் காடும். ஆயினும், அங்கே வந்து சேரும் சரக்குகளுக்குச் சுங்கம் இல்லை என்ற செய்தி காற்றைவிட விரைவாகப் பரவியது. மலாக்காவிலிருந்தும் ரியாவு தீவுகளிலிருந்தும் சீனத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். 1824 இல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கு 10,683 பேரைக் காட்டியது. அவர்களுள் இந்தியர் 756 பேர்.

நாராயண பிள்ளையைப் பற்றிய பதிவுகள் பினாங்கிலிருந்து தொடங்குகின்றன. 1786 இல் ஆங்கிலேயர் கைக்கொண்ட பினாங்குத் தீவில், நாகப்பட்டினம், கடலூர், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து சென்ற தமிழர் முன்னரே வேரூன்றியிருந்தனர். நாராயண பிள்ளை அங்கே அரசு எழுத்தராகப் பணியாற்றினார். நிழலான வேலை, மாதந்தோறும் ஊதியம், சுற்றிலும் தன்மொழி பேசும் மக்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, எழுதி வைத்த சட்டமோ கட்டி முடித்த வீதியோ இல்லாத ஒரு தீவுக்குச் செல்ல அவர் துணிந்தார்.

சிங்கப்பூர்க் கருவூலத்தில் தலைமை எழுத்தர் என்பதே அவர் நம்பி வந்த பணி. அக்காலத் துறைமுகங்களில் பல நாட்டு நாணயங்கள் புழங்கின. ஸ்பானிய வெள்ளி டாலரே அவற்றுள் முதன்மையானது. விளிம்பு சுரண்டப்பட்டவை, எடை குறைந்தவை, வெள்ளிப்பூச்சு மட்டுமே கொண்ட போலிகள் ஆகியனவும் நல்ல காசுகளோடு கலந்தே வரும். அவற்றைப் பிரித்தறியத் தேர்ந்த கண்ணும் விரலும் வேண்டும். ஆனால், அப்பணி அவருக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. பினாங்குக்குத் திரும்பிச் செல்வதே எளிய வழி. அவர் திரும்பவில்லை.

சிங்கப்பூரில் எங்கு நோக்கினும் வீடுகளும் கிடங்குகளும் எழுந்துகொண்டிருந்தன. கட்டுவோர் பலர் இருந்தனர். கட்டுவதற்கான செங்கல்தான் இல்லை. மரமும் ஓலையுமே கைக்கு எட்டிய பொருள்கள். மழையில் இற்றுப்போவதும் ஒரு பொறியில் எரிந்துபோவதும் அவற்றின் இயல்பு. இக்குறையை நாராயண பிள்ளை தமது வாய்ப்பாகக் கண்டார். பினாங்கில் இருந்த நண்பர்களுக்கு எழுதிக் கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை ஒன்றை நிறுவினார். சிங்கப்பூரின் முதல் செங்கற்சூளை அதுவேயாகும். அதனைத் தொடர்ந்து வீடு கட்டித்தரும் ஒப்பந்தங்களும் அவரைத் தேடி வந்தன. அத்தீவின் முதல் கட்டுமான ஒப்பந்தக்காரர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகின்றனர். பிற்காலத்தில் நகரத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், செங்கல்லாலும் ஓட்டாலும் ஆன வீடுகளின் முகப்புகள் ஒரே சீராக அமைய வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஆணைக்கு முன்னரே நாராயண பிள்ளையின் சூளையில் நெருப்பு மூட்டப்பட்டிருந்தது.

சூளையில் ஈட்டிய பொருளைக் கொண்டு அவர் துணி வாணிகத்தில் இறங்கினார். குறுக்குத் தெருவில் அவர் திறந்த பருத்தித் துணிக்கடை விரைவில் நகரின் பெயர்பெற்ற அங்காடிகளுள் ஒன்றாயிற்று. இவ்வாணிகம் நடந்த முறையை அறிந்தால்தான் பின்னர் நேர்ந்த இடரின் அளவு விளங்கும். ஆங்கிலேய வணிகர்கள் கப்பல் கப்பலாகச் சரக்கை இறக்குவர். அதனைச் சீன, தமிழ் வணிகர்களிடம் கடனாகத் தருவர். விற்ற பின்னர் இவர்கள் தொகையைச் செலுத்துவர். பெரும்பாலும் இதற்கு ஈடோ பிணையோ இல்லை. ஒருவரது சொல்லே அவருடைய முதல். தமிழில் காசையும் நேர்மையையும் நாணயம் என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அன்றைய சிங்கப்பூரில் முதலாவது இல்லாதவர் இரண்டாவதைக் கொண்டே வாணிகம் தொடங்க முடிந்தது. நாராயண பிள்ளையும் பெருமளவு சரக்கைக் கடனாகவே வாங்கிக் கடையை விரிவுபடுத்தினார்.

1822 இல் அக்கடை தீக்கிரையானது.

துணிக்கடையில் பற்றிய தீ எதையும் மிச்சம் வைப்பதில்லை. எரிந்தவை அவருக்கு உரியவையும் அல்ல; விலை கொடுக்கப்படாத பிறர் சரக்குகள். பொருள் போயிற்று, கடன் மட்டும் நின்றது. அத்தகைய நிலையில் இரவோடிரவாகப் படகேறி மறைந்துவிடுவது எந்தத் துறைமுகத்திலும் நடக்கக்கூடியதே. மலாக்கா நீரிணையில் செல்லும் படகுகளுக்குக் குறைவில்லை. தேடிப்பிடிக்கும் அளவுக்குக் காவலும் அன்று வலுவாக இல்லை. நாராயண பிள்ளை கடன் கொடுத்த வணிகர்களிடம் நேரில் சென்றார். முழுத்தொகையையும் செலுத்துவதாகக் கூறிக் காலம் கேட்டார். அவர்கள் இசைந்தனர். இரக்கத்தால் மட்டும் வணிகர்கள் தவணை தருவதில்லை. மூன்றாண்டுகளாக அவரை அவர்கள் பார்த்திருந்தனர். காசைச் சோதிக்க வந்தவரை இம்முறை ஊர் சோதித்து ஏற்றுக்கொண்டது.

1822 அக்டோபரில் மூன்றாம் முறையாகச் சிங்கப்பூர் வந்திருந்த ராஃபிள்ஸிடமும் அவர் முறையிட்டார். வணிகச் சதுக்கத்தில் அவருக்கு மனை வழங்கப்பட்டது. ஆற்றின் தென்கரைச் சதுப்பை நிரப்புவதற்காக ஒரு குன்றை வெட்டி மண் எடுக்கப்பட்டபோது, அக்குன்று இருந்த இடம் சமதளமாயிற்று; அங்கு எழுந்ததே வணிகச் சதுக்கம். இன்று அதற்கு ராஃபிள்ஸ் பிளேஸ் என்று பெயர். விண்ணை முட்டும் வங்கிக் கட்டடங்கள் நிற்கும் அவ்விடத்தில் நாராயண பிள்ளை மீண்டும் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளில் இழந்த செல்வத்தை மீட்டார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோருக்குத் தலைவராகவும் அவர் அமர்த்தப்பட்டார். அம்மக்களிடையே எழும் வழக்குகளைத் தீர்க்கும் உரிமையும் அவருக்கு அளிக்கப்பட்டது.

குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள். நோயுற்றால் பார்க்க ஆள் இல்லை. இறந்தால் அழவும் ஆள் இல்லை. காடும் சதுப்பும் சூழ்ந்த இடத்தில் அவர்கள் மாரியம்மனை நாடியதில் வியப்பில்லை. அம்மை முதலான கொடுநோய்களிலிருந்து காப்பவள் என்பது தமிழகத்துச் சிற்றூர் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. அவளுக்கு ஒரு கோயில் எழுப்ப நாராயண பிள்ளை முற்பட்டார். இடம் கிடைப்பதுதான் அரிதாயிற்று.

முதலில் கருதப்பட்ட இடம், குடியேறிகள் கரையிறங்கும் தெலுக் ஆயர்த் தெருப் பகுதி. கடலோரமான அங்கே நீராட்டுக்கும் வழிபாட்டுக்கும் வேண்டிய நன்னீர் இல்லை. நீரின்றி அமையாத தெய்வத்தை அங்கே எவ்வாறு எழுந்தருளச் செய்வது? 1821 இல், அப்போது தீவை ஆண்ட ரெசிடெண்ட் வில்லியம் ஃபார்குவார், இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் எனப்படும் நீரோட்டத்தின் அருகே இடம் தந்தார். நீர்க்குறை தீர்ந்தது, வேறொரு குறை வந்தது. 1822 இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டம் ஐரோப்பியர், சீனர், சூலியர், புகிசு மக்கள் எனப் பிரித்து ஒவ்வோர் இனத்தார்க்கும் ஒரு பகுதியை வரைந்தது. அவ்வரைபடத்தில் கோயிலுக்கென ஒதுக்கிய நிலம் வேறு பயனுக்கு உரியதாயிற்று. ஆட்சியாளர் கையிலிருந்த எழுதுகோல் ஒரு முறை அசைந்தால், குடியேறிகள் மூட்டை கட்ட வேண்டியிருந்த காலம் அது. இறுதியாக, 1823 இல், தென் பாலச் சாலையில் இன்றுள்ள இடம் கிடைத்தது.

செங்கற்சூளைக்கு உரியவராக இருந்தும் அவர் முதலில் எழுப்பிய கோயில் மரத்தாலும், அத்தாப்பு எனப்படும் ஓலையாலும் ஆனதே. 1827 இல் அது நிறைவுற்றது. சின்ன அம்மன் என்று வழங்கும் சிறிய திருவுருவை நாராயண பிள்ளை அங்கே எழுந்தருளச் செய்தார். அதே சாலையில், அக்கோயிலுக்கு அண்மையில், 1826 இல் சூலியா முஸ்லிம்கள் தமக்கென ஒரு பள்ளிவாசலை நிறுவியிருந்தனர். சோழமண்டலக் கரையின் ஒரே கப்பல்களில் வந்த இருசாரார் வழிபாட்டிடங்களும் இன்றும் சில அடிகள் தொலைவிலேயே நிற்கின்றன.

கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. கப்பலிலிருந்து கையில் ஒரு துணிமூட்டையோடு இறங்கியவர், வேலையும் உறைவிடமும் கிடைக்கும்வரை அங்கே தங்கினார். இந்துக்களின் திருமணங்களை நடத்திப் பதிவுசெய்யும் உரிமை ஒரு காலத்தில் அக்கோயில் ஒன்றுக்கே இருந்தது. கூலிகளாகவும் காவலர்களாகவும் படகோட்டிகளாகவும் வணிகர்களாகவும் வாழ்ந்த தமிழர், தம் வாழ்வின் நல்லது கெட்டதுகளுக்கு அவ்வாயிலையே நாடினர்.

1843 இல் மரமும் ஓலையும் போய்ச் செங்கல்லாலும் சுதையாலும் ஆன கோயில் எழுந்தது. அதன் கோபுரத்தை வைத்தே அருகிலுள்ள தெருவுக்குப் பகோடாத் தெரு என்றும், மற்றொன்றுக்குக் கோயில் தெரு என்றும் பெயர் ஏற்பட்டன. 1973 இல் சிங்கப்பூர் அரசு அதனைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. ராஃபிள்ஸ் வந்திறங்கியதன் இருநூறாம் ஆண்டான 2019 இல், ஆற்றங்கரையில் இருந்த ராஃபிள்ஸ் சிலையின் அருகே வேறு நால்வரின் சிலைகளும் சிறிது காலம் நிறுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று நாராயண பிள்ளையின் சிலை. அவருடைய கடை எரிந்த குறுக்குத் தெரு இன்றும் அதே பெயரில் உள்ளது. அங்கிருந்து சற்று நடந்தால், அவர் எழுந்தருளச் செய்ததாகக் கருதப்படும் சின்ன அம்மன் வீற்றிருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலை அடையலாம்.