பகுத்தறிவால் மறை காத்த புனித யுஸ்தீன்

உங்கள் பிள்ளை மறையைப் பற்றி ஐயம் எழுப்பினால் அதட்டி அடக்கிவிடுகிறீர்களா? அப்படியானால் புனித யுஸ்தீனின் வாழ்வைச் சற்று நோக்குங்கள்.

ஏறத்தாழ கி.பி. 100இல், இன்று நாபுலுஸ் எனப்படும் சமாரிய நகரில், கிறிஸ்தவரல்லாத குடும்பத்தில் பிறந்தவர் இவர். உண்மையைத் தேடித் தத்துவ ஆசிரியர் பலரிடம் சென்றார். ஒருவர் கடவுளை அறிவது தேவையற்றது என்றார். இன்னொருவர் முதலில் கட்டணம் கேட்டார். கடலருகே சந்தித்த முதியவர் ஒருவரே பொறுமையாக விடையளித்து, இறைவாக்கினரின் நூல்களைக் காட்டினார். யுஸ்தீன் கிறிஸ்தவரானார், ஆயினும் தத்துவ ஞானியின் மேலங்கியைக் களையவில்லை.

பின்பு உரோமையில் போதித்தார். ஏறத்தாழ 155இல் பேரரசர் அந்தோனினுஸ் பியுசுக்கு விளக்கநூல் எழுதினார். கிறிஸ்தவர்கள் நாத்திகரா? இல்லை, உலகைப் படைத்தவரையே வணங்குகின்றனர். அரசத் துரோகிகளா? இல்லை, வரியை ஒழுங்காகச் செலுத்துகின்றனர். அவர்களுடைய கூட்டங்களைப் பற்றித் தீய வதந்திகள் உலவியபோது, ஞாயிறு வழிபாட்டையே மறைக்காமல் விவரித்தார்: வாசகம், மறையுரை, மன்றாட்டு, நற்கருணை, ஏழைகளுக்கான காணிக்கை.

ஏறத்தாழ 165இல் நகர ஆளுநர் ருஸ்திக்குஸ் அவரை விசாரித்தார். அவரும் ஒரு தத்துவ ஞானியே. தேவர்களுக்குப் பலியிட மறுத்த யுஸ்தீன், தோழர் அறுவருடன் வேதசாட்சியாக மரித்தார். ஜூன் 1 அவரது திருநாள்.

வாசகரே, கேள்வி கேட்கும் பிள்ளை விசுவாசத்தின் பகைவன் அல்லன். யுஸ்தீனும் கேள்வியோடுதான் தொடங்கினார். அந்த முதியவரைப் போல நீங்கள் அமர்ந்து கேளுங்கள். விடை தெரியாவிட்டால் பிள்ளையுடன் சேர்ந்து தேடுங்கள்.