சிதைவை மறைக்காத கட்டடக்கலைஞர்: கென்சோ டாங்கே

ஹிரோஷிமா சமாதானப் பூங்காவில், அணுகுண்டால் மாண்டோருக்கான நினைவுச்சின்னத்தின் முன் நின்று அதன் வளைவினூடாகப் பார்த்தால், ஆற்றுக்கு அப்பால் எரிந்து கூடாகிப்போன ஒரு கட்டடம் நேரே தெரியும். இது தற்செயலானதல்ல. அந்த நேர்கோட்டை வரைந்தவர் கென்சோ டாங்கே.

1913 இல் ஒசாகாவுக்கு அருகிலுள்ள சகாய் நகரில் பிறந்த டாங்கே, சிறுவயதைச் சீனாவிலும் பின்னர் ஷிகோகு தீவின் இமாபரி நகரிலும் கழித்தார். உயர்கல்லூரிப் படிப்புக்காக ஹிரோஷிமா சென்றவர், அங்கு வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் லெ கோர்பூசியேயின் வரைபடத்தைக் கண்டு, கட்டடக்கலையே தன் வழி என்று தீர்மானித்தார்.

அவரது இளமைக்காலம் களங்கமற்றதல்ல. 1942 இல், ஆசியாவை ஆள நினைத்த ஜப்பானியப் பேரரசின் கனவைப் போற்றும் நினைவாலயத்துக்கான போட்டியில் வென்றவரும் அவரே. அந்த ஆலயம் கட்டப்படவில்லை.

1945 ஓகஸ்டில் யுத்தம் அவர் வீட்டுக்கே வந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த அதே நாட்களில், இமாபரி மீதான விமானத் தாக்குதலில் அவரது தாயார் உயிரிழந்தார். படித்த ஊரும் வளர்ந்த ஊரும் ஒன்றாக எரிந்தன.

மறு ஆண்டு, அழிந்த நகரங்களின் மீள்கட்டுமானத் திட்டங்களுக்கு நிபுணர்கள் தேடப்பட்டபோது, ஹிரோஷிமாவுக்குச் செல்லத் தாமாகவே முன்வந்தார். 1949 இல் சமாதானப் பூங்காவுக்கான போட்டியில் அவரது குழு வென்றது. அருங்காட்சியகத்தைத் தூண்களின் மேல் உயர்த்தினார். பார்வை அதன் கீழாகத் தடையின்றிச் செல்லும். இறந்தோரின் பெயர்ப்பட்டியல் வைக்கப்பட்டுள்ள கற்பேழைக்குமேல், பண்டைய மண்வீட்டின் கூரை போன்ற வளைவை அமைத்தார். அந்தக் கோட்டின் முடிவில் நின்றது, சிதைந்த கட்டடம்.

அதைப் பார்க்கவே தாங்காமல் இடித்துவிடுங்கள் என்றோரும் இருந்தனர்; சாட்சியாக நிற்கட்டும் என்றோரும் இருந்தனர். 1966 இலேயே அதைப் பாதுகாக்க நகரசபை தீர்மானித்தது. 1996 இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது.

அதன்பின் டாங்கேயின் புகழ் உலகெங்கும் பரவியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக, உருக்குவடங்களில் கூரை தொங்கும் யோயோகி விளையாட்டரங்கைக் கட்டினார். 1963 நிலநடுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த ஸ்கோப்யே நகரின் மையத்தை மீளத் திட்டமிடுவதிலும் அவருக்குப் பெரும்பங்கு கிடைத்தது. சிங்கப்பூர், குவைத், நைஜீரியா என அவரது பணிகள் விரிந்தன. 1987 இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஜப்பானியரானார்.

2005 மார்ச் 22 இல் தனது 91 ஆவது வயதில் காலமான அவரது இறுதிநிகழ்வு, டோக்கியோவில் அவரே வடிவமைத்த புனித மரியாள் பேராலயத்தில் நடைபெற்றது. ஹிரோஷிமாவில் இன்றும் ஒவ்வோர் ஓகஸ்ட் 6 அன்றும் மக்கள் அந்த வளைவின் முன் கூடுகின்றனர். சுற்றிலும் புதிய நகரம் எழுந்துவிட்டது. எரிந்த கட்டடமோ அவர்கள் கண்ணெதிரே அப்படியே நிற்கிறது.